காலித் தொட்டியில் என்ன இருக்கிறது?

கோடையில் தண்ணி லாரி வருவதைப் பார்க்காத பிள்ளைகள் பரளச்சிப் பக்கம் இருக்க மாட்டார்கள். பெரிய லாரி என்றால் 12,000 லிட்டர் பிடிக்கும். மதுரைக்கு வந்து போகும் ஏர்பஸ் ஏ320 விமானத்தில் முழுக்க எரிபொருள் நிரப்பினால், அப்படி இரண்டு லாரி கொள்ளும். அத்தனையையும் எங்கே வைக்கிறார்கள்? உள்ளே பயணிகள், அவர்கள் காலடியில் பெட்டி படுக்கை. மிச்சம் இருப்பது இறக்கைதான்.

இறக்கைக்குள் தனியாக டேங்க் எதுவும் செய்து வைப்பதில்லை. முன்னும் பின்னும் நீளமான இரண்டு உலோகச் சட்டங்கள், மேலும் கீழும் தகடு. இந்தப் பெட்டியின் இணைப்புகளில் கசியாதபடி பசை பூசிவிட்டால் அதுவே தொட்டி. உள்ளே குறுக்கே தடுப்புத் தகடுகள் உண்டு, அவற்றில் ஓட்டைகளும் உண்டு. தண்ணி லாரிக்குள்ளும் இதே ஏற்பாடுதான். இல்லாவிட்டால் பாதித் தண்ணீரோடு பிரேக் போடும்போது மொத்தமும் முன்பக்கம் பாய்ந்து லாரியைத் தள்ளிவிடும்.

இறக்கையில் வைப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். பறக்கும்போது காற்று இறக்கையை மேலே தூக்குகிறது. விமானத்தின் பாரமோ நடுவில், உடலில் இருக்கிறது. அதனால் இறக்கை மேல்நோக்கி வளையும். உடலோடு சேரும் இடத்தில்தான் முறிக்கிற விசை அதிகம். இறக்கைக்குள்ளேயே எரிபொருள் இருந்தால் அதன் எடை இறக்கையைக் கீழே அழுத்தி, அந்த விசையைக் குறைக்கும். ஆகவே ஏ320-இல் உடலுக்கு அடியில் உள்ள நடுத்தொட்டியைத்தான் முதலில் காலி செய்வார்கள். பிறகு இறக்கையின் உட்பக்கம். நுனிப் பக்கத்து எரிபொருள் கடைசி வரை இருக்கும்.

அப்படியானால் நடுத்தொட்டி பல நேரம் காலியாகவே கிடக்கும், இல்லையா? வம்பு அங்கேதான்.

1996 ஜூலை 17 அன்று நியூயார்க்கிலிருந்து பாரிஸுக்குக் கிளம்பிய போயிங் 747 ஒன்று, 12 நிமிடத்தில் கடலுக்கு மேலே வெடித்துச் சிதறியது. 230 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. கடலடியிலிருந்து துண்டு துண்டாக எடுத்து ஒட்டிப் பார்த்து, நான்கு ஆண்டுகள் விசாரித்தார்கள். வெடித்தது நடுத்தொட்டி. ஏறக்குறைய 48,000 லிட்டர் பிடிக்கும் அந்தத் தொட்டியில் அன்று இருந்தது 200 லிட்டர்கூட இல்லை.

விமான எரிபொருள் மண்ணெண்ணெய் இனத்தைச் சேர்ந்தது. எரிவது திரவம் அல்ல, அதிலிருந்து எழும் ஆவி. அதுவும் சரியான அளவு காற்றோடு கலந்திருக்க வேண்டும். தொட்டி நிறைந்திருந்தால் ஆவிக்கும் காற்றுக்கும் இடமே கிடையாது. அன்று தரையில் நின்றபோது, தொட்டிக்கு அடியில் இருந்த ஏசி இயந்திரங்கள் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக ஓடிச் சூடேற்றின. அடியில் தேங்கிய கொஞ்ச எரிபொருள் ஆவியாகித் தொட்டி முழுவதும் பரவியது. பொறி எங்கிருந்து வந்தது என்பது உறுதியாகவில்லை. எரிபொருள் அளவு காட்டும் கம்பிகள் வழியாக அதிக மின்சாரம் உள்ளே போயிருக்கலாம் என்பதே விசாரணையின் முடிவு.

பொறி வரவே வராமல் தடுப்பது கடினம். எனவே பொறி விழுந்தாலும் பற்றாதபடி செய்யலாம் என்று பொறியாளர்கள் யோசித்தார்கள். காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன். அதை 12 சதவீதத்துக்கு இறக்கினால் ஆவி வெடிக்காது. இதற்காக நைட்ரஜன் சிலிண்டரைச் சுமந்துகொண்டு பறப்பதில்லை. எஞ்சினிலிருந்து கொஞ்சம் காற்றை எடுத்து, நடுவில் துளையுள்ள மெல்லிய இழைகள் வழியே செலுத்துகிறார்கள். இழையின் சுவரைத் தாண்டி ஆக்சிஜன் சீக்கிரம் வெளியேறிவிடும். மிஞ்சுவது பெரும்பாலும் நைட்ரஜன்; அது தொட்டிக்குப் போகும். காலித் தொட்டியின் ஆபத்தைக் குறைத்தே ஆக வேண்டும் என்று 2008-இல் அமெரிக்கா விதியே போட்டது.

இறக்கைத் தொட்டிகளை மேலே உள்ள கடுங்குளிர்க் காற்றே ஆற வைத்துவிடும். அதனால் பல விமானங்களில் இந்த நைட்ரஜன் நடுத்தொட்டிக்கு மட்டும்தான்.