சமையல் மேடைக் கற்கள்

சமையல் மேடைக் கற்கள் என்பவை அடுப்பும் பாத்திரம் கழுவும் தொட்டியும் அமையும் மேடையின் மீது பதிக்கப்படும் பலகைக் கற்கள் ஆகும். குளியலறையில் கைகழுவும் தொட்டியைச் சுற்றிய மேடைக்கும் இவையே பயன்படுகின்றன. தமிழ்நாட்டில் கிரானைட், கடப்பா கல், சலவைக்கல் எனப்படும் மார்பிள், குவார்ட்ஸ் என்ற பெயரில் வரும் செயற்கைக் கல் ஆகியவை பரவலாகக் கிடைக்கின்றன. கடையில் சொல்லும் பெயரைவிட, கல்லில் உள்ள கனிமமும் அது உறிஞ்சும் நீரின் அளவுமே அதன் உழைப்பை முடிவு செய்கின்றன.

புளியும் சுண்ணாம்பும்

சலவைக்கல்லின் முதன்மைக் கனிமம் கால்சைட், அதாவது கால்சியம் கார்பனேட். ஆந்திரப் பிரதேசத்தின் கடப்பா பகுதியில் வெட்டப்படும் கடப்பா கல்லும் கருமை கலந்த சுண்ணாம்புக்கல்லே. கார்பனேட் அமிலம் பட்டால் கரையும். புளிக்கரைசல், எலுமிச்சைச் சாறு, தக்காளி ஆகியவை சிந்திய இடத்தில் மெருகு போய் வெளிறிய தடம் விழுவது இதனால்தான். இது கறை அன்று. கல்லின் மேற்பரப்பே அரிக்கப்பட்டிருக்கிறது. எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் போகாது, மீண்டும் மெருகேற்ற வேண்டும். கறை தடுக்கும் பூச்சு எண்ணெயையும் மஞ்சளையும் தடுக்குமே தவிர இந்த அரிப்பைத் தடுக்காது. தாஜ்மகாலுக்குப் பயன்பட்ட மக்ரானா சலவைக்கல்லும் இதற்கு விலக்கில்லை. மோஸ் கடினத்தன்மை அளவில் கால்சைட்டின் மதிப்பு 3 மட்டுமே. எஃகுக் கத்தி எளிதில் கீறிவிடும்.

தினமும் புளி கரைக்கும் வீட்டுக்குச் சலவைக்கல் மேடை ஏற்றதன்று. விலை குறைந்த கடப்பா கல், மேடைக்குக் கீழும் அலமாரியிலும் தட்டுகளாக நன்றாகவே உழைக்கும்.

கிரானைட்

கிரானைட்டின் ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ் கனிமங்களின் கடினத்தன்மை 6 முதல் 7 வரை. சமையலறை அமிலங்கள் இவற்றை அரிப்பதில்லை. சூடான பாத்திரத்தையும் பொதுவாகத் தாங்கும்.

வணிகத்தில் கிரானைட் எனப்படுபவை அனைத்தும் புவியியல்படி கிரானைட் அல்ல. கருப்புக் கற்களில் பெரும்பாலானவை டோலரைட் அல்லது காப்ரோ வகையைச் சேர்ந்தவை. ஆந்திரத்தின் சீமகுர்த்தியில் கிடைக்கும் 'பிளாக் கேலக்ஸி' அத்தகையது. இவை நெருக்கமான அமைப்புடையவை. நீரை மிகக் குறைவாகவே உறிஞ்சும். மதுரை மாவட்டத்தில் வெட்டப்படும் 'காஷ்மீர் ஒயிட்' கல்லுக்கும் காஷ்மீருக்கும் பெயரைத் தவிர வேறு தொடர்பில்லை. வெளிர்நிறமும் நுண்துளைகளும் கொண்ட அக்கல்லில் எண்ணெயும் மஞ்சளும் இறங்கும் என்பதால் பூச்சு தேவை.

சில கருப்புக் கற்கள் சாயம் ஏற்றி விற்கப்படுவதும் உண்டு. நகப்பூச்சு நீக்கும் அசிட்டோனைப் பஞ்சில் நனைத்துத் தேய்த்தால் சாயம் பஞ்சில் ஒட்டும்.

குவார்ட்ஸ் பலகை

செயற்கைக் குவார்ட்ஸ் பலகையில் எடையளவில் ஏறத்தாழ 90 சதவீதம் குவார்ட்ஸ் தூளும் துகளும், மீதம் பிசினும் நிறமியும் இருக்கும். நுண்துளைகள் அரிது என்பதால் கறை இறங்காது, பூச்சும் வேண்டாம். பிசின்தான் இதன் பலவீனம். அடுப்பிலிருந்து இறக்கிய வாணலியை நேராக வைத்தால் அது கருகி மஞ்சளாகும். நீடித்த வெயிலிலும் நிறம் மாறும்.

வீட்டில் பதித்தபின் இதனால் உடலுக்குக் கேடில்லை. ஆபத்து வெட்டுபவருக்கே. உலர்வாக அறுக்கும்போது எழும் நுண்ணிய சிலிக்காத் தூசி நுரையீரலில் படிந்து, குணப்படுத்த முடியாத சிலிக்கோசிஸ் நோயை உண்டாக்குகிறது. கிரானைட்டை அறுக்கையிலும் இத்தூசி எழும். ஆனால் அதில் சிலிக்கா பொதுவாகப் பாதிக்கும் குறைவு. பல நாடுகளில் இளம் தொழிலாளர்கள் பாதிக்கப்பட்ட நிலையில், ஆஸ்திரேலியா 2024 சூலை 1 முதல் இவ்வகைக் கல்லைத் தயாரிக்கவும் விற்கவும் பதிக்கவும் தடை விதித்தது. எந்தக் கல்லானாலும் நீர் பாய்ச்சி அறுக்கச் சொல்வதும், வீட்டுக்குள் உலர்வாக அறுக்க விடாமல் பட்டறையிலேயே அளவெடுத்து வெட்டச் செய்வதும் வாங்குபவரின் கையில் உள்ளவை.

குளியலறை மேடை

இங்கு புளியும் சூடும் இல்லை, சலவைக்கல்லைப் பயன்படுத்தலாம். ஆனால் கழிப்பறை கழுவும் ஆசிட் அதன்மேல் ஒரு சொட்டும் படக்கூடாது.

வாங்கும்முன்

கடையில் அதே பலகையிலிருந்து ஒரு துண்டு கேட்டு வாங்கி, எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டும் நீர் ஒரு சொட்டும் தனித்தனியே விட்டுக் கால் மணி நேரம் கழித்துத் துடைக்கவேண்டும். சாறு பட்ட இடம் மங்கினால் அது கார்பனேட் கல். நீர் பட்ட இடம் கருத்தால் உறிஞ்சும் கல். மேடைக்கு 18 முதல் 20 மி.மீ. தடிமன் வழக்கம். தொட்டிக்காகத் துளையிடும்போது முன்புறம் எஞ்சும் குறுகிய பட்டைதான் முதலில் விரிசல் விடும். அதன் அடியில் தாங்கல் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று பதிக்கும் நாளிலேயே பார்த்துக்கொள்ளவேண்டும்.