கடலில்லாத ஊருக்கு ஒரு துறைமுகம்

சைக்கிள் உதிரிபாகங்களுக்கும் பின்னலாடைக்கும் பேர்போன ஊர் பஞ்சாபின் லூதியானா. அங்கிருந்து குஜராத்தின் முந்த்ரா துறைமுகத்துக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல். ஆனால் ஏற்றுமதி செய்பவர் சுங்கச் சோதனைக்காக அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஊரிலேயே தண்டாரி கலான் என்ற இடத்தில், ரயில் பாதையை ஒட்டி ஒரு கன்டெய்னர் டெப்போ இருக்கிறது. சுங்க நடைமுறைகள் அங்கேயே முடிந்து, பெட்டியின் கதவில் முத்திரை விழுந்துவிடும்.

இப்படிப்பட்ட இடத்தை உலர் துறைமுகம் என்கிறார்கள். இந்தியாவில் முதலாவது 1981-ல் பெங்களூரில் வந்தது. 1988-ல் தொடங்கப்பட்ட கான்கார் என்ற அரசு நிறுவனம், ரயில்வேயிடம் இருந்த ஏழு டெப்போக்களை ஏற்று நடத்தத் தொடங்கியது.

லாரி, ரயில், கப்பல் மூன்றையும் இணைப்பது கன்டெய்னரின் மூலைகள்தான். எட்டு மூலைகளிலும் துளையிட்ட எஃகு வார்ப்புகள் உண்டு. கிரேனின் நான்கு பூட்டுகள் மேல்துளைகளில் இறங்கி, கால் வட்டம் திரும்பியதும் பெட்டி பிடிபட்டுவிடும். ரயில் வேகனிலும் லாரியிலும் கீழ்த்துளைகள் பொருந்த இடம் இருக்கும். உள்ளே இருக்கும் சரக்கை யாரும் தொடாமலே பெட்டி வாகனம் மாறிவிடுகிறது. 1956-ல் மால்கம் மெக்லீன் அமெரிக்காவின் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு 58 பெட்டிகளைக் கப்பலில் அனுப்பியபோது இந்த முறைக்குப் பாதை திறந்தது. பின்னர் உலகம் முழுவதும் ஒரே அளவுகள் ஏற்கப்பட்டன.

ஆனால் நிலமும் கிரேனும் இருந்தால் மட்டும் உலர் துறைமுகம் ஓடாது. முதலில் தூரத்தைப் பார்க்க வேண்டும். லாரி ஆலை வாசலில் சரக்கேற்றி நேரே துறைமுகம் போய்விடும். ரயிலில் அனுப்பினால் டெப்போவரை லாரி, அங்கே ஒரு தூக்கு, துறைமுகத்தில் இன்னொரு தூக்கு. ஒவ்வொரு தூக்குக்கும் காசு. தூரம் கூடக்கூடத்தான் ரயிலின் மலிவு இந்தச் செலவை ஈடுகட்டும்.

அடுத்தது தண்டவாளத்தின் நீளம். இந்தியாவில் ஒரு கன்டெய்னர் ரயிலுக்கு வழக்கமாக 45 வேகன்கள். 20 அடிப் பெட்டிகள் 90 ஏற்றலாம். முழு ரயிலும் நிற்கச் சுமார் 700 மீட்டர் வேண்டும். இடம் குறைந்தால் ரயிலை இரண்டாக வெட்டி, முன்னும் பின்னும் இழுக்க வேண்டியிருக்கும். மணிக்கணக்கில் நேரம் போகும். அந்தத் தாமதத்தில் கப்பலே தவறிவிடலாம்.

மூன்றாவது, காலிப் பெட்டிகள். ஏற்றுமதி மட்டுமே நடக்கும் ஊருக்குக் காலிப் பெட்டிகளை வரவழைக்க வேண்டும். அந்தக் கூலியும் சரக்கின் தலையில்தான் விழும். லூதியானா வட்டாரத்துக்கு வெளிநாட்டிலிருந்து பழைய இரும்பு வருகிறது. அதை இறக்கிய பெட்டியிலேயே ஏற்றுமதிச் சரக்கை ஏற்றினால் இறக்குமதியாளர், ஏற்றுமதியாளர் இருவருக்கும் லாபம். போக்கும் வரவும் உள்ள ஊரைத் தேர்ந்தெடுப்பதுதான் நல்ல திட்டமிடல்.

பாதையும் முக்கியம். சரக்கு ரயில்களுக்கென்றே அமைக்கப்பட்ட மேற்குச் சரக்கு ரயில் பாதையில் மின்கம்பிகளை உயரமாகக் கட்டியிருப்பதால், பெட்டிமேல் பெட்டி அடுக்கி மின்சார ரயில் ஓட முடிகிறது. 2021 ஜனவரியில் அங்கே ஒன்றரை கிலோமீட்டர் நீள இரட்டையடுக்கு ரயில் ஓடியது.

தமிழ்நாட்டில் திருவள்ளூர் மாவட்டம் மப்பேட்டில், லாரியும் ரயிலும் சந்திக்கும் ஒரு பன்முனைச் சரக்குப் பூங்காவுக்கு 2022 மே மாதம் அடிக்கல் நாட்டினார்கள். கடம்பத்தூரிலிருந்து ரயில் இணைப்பும் அந்தத் திட்டத்தில் உண்டு. சென்னைத் துறைமுகம் பக்கத்திலேயே இருப்பதால், அங்கே போய்வர லாரியே போதும். தொலைதூர மாநிலங்களோடு நடக்கும் சரக்குப் போக்குவரத்தை ரயிலுக்கு மாற்றுவதில்தான் இதன் பலன் இருக்கிறது. ஆகவே கிடங்குகளுக்கு முன்பே தண்டவாளம் வந்து சேர வேண்டும். லாரியை மட்டும் நம்பித் தொழில் ஒருமுறை பழகிவிட்டால், பிறகு அதை ரயில் பக்கம் திருப்புவது பெரும்பாடு.