வீட்டைப் பழுதுபார்த்தால் வறுமை குறையுமா?

ஒழுகும் கூரை, கரையான் அரித்த பலகைச் சுவர், இடிந்த கழிவறை. இப்படிப்பட்ட வீடுகளில் வாழும் ஏழைக் குடும்பங்களுக்கு, வீட்டைப் பழுதுபார்க்க மலேசியாவில் கூட்டரசும் மாநில அரசுகளும் உதவுகின்றன. எத்தனை வீடுகள் சரிசெய்யப்பட்டன, எவ்வளவு செலவானது என்ற கணக்கு எளிதில் கிடைக்கும். ஆனால் அந்த வீட்டில் இருப்பவர்களின் வாழ்க்கை மாறியதா என்பதை அந்தக் கணக்கு சொல்லாது.

நாட்டில் பரம ஏழ்மை வருமானத்தை வைத்தே கணிக்கப்படுகிறது. 2022ஆம் ஆண்டில் வறுமைக் கோட்டு வருமானம் சராசரியாக மாதம் 2,589 வெள்ளி. அதில் உணவுக்கு மட்டும் தேவையான 1,198 வெள்ளிகூட இல்லாத குடும்பங்கள் பரம ஏழைகள். அவர்கள் 0.2 விழுக்காடு. புதுக்கூரை போட்டதால் யாருடைய சம்பளமும் உயராது. ஆகவே வருமானத்தை மட்டும் பார்த்தால், நல்ல திட்டம்கூடப் பயனற்றதாகவே தோன்றும்.

அப்படியானால் எதை அளப்பது? மெக்சிகோவின் அனுபவம் இதற்கு வழிகாட்டுகிறது. அங்குள்ள கோவாவில்லா மாநில அரசு 2000ஆம் ஆண்டில் ஏழைகளின் மண் தரை வீடுகளுக்கு சிமெண்டுத் தரை போடத் தொடங்கியது. ஒரு வீட்டுக்கு ஏறக்குறைய 150 அமெரிக்க டாலர்தான் செலவு. பின்னர் ஆய்வாளர்கள், அம்மாநிலத்தின் டோரியோன் நகரையும், அதை ஒட்டியே இருந்தாலும் வேறு மாநிலத்தைச் சேர்ந்ததால் திட்டம் கிடைக்காத இரு நகரங்களையும் ஒப்பிட்டனர். 2009இல் முடிவுகள் வெளியாயின. மண் தரை முழுவதும் சிமெண்டாக மாறினால், குழந்தைகளிடம் குடற்புழுத் தொல்லை 78 விழுக்காடும், வயிற்றுப்போக்கு 49 விழுக்காடும், இரத்தச்சோகை 81 விழுக்காடும் குறையும் என அவர்கள் கணித்தனர். தாய்மார்களின் மனச்சோர்வும் குறைந்திருந்தது.

இதில் முக்கியமானது ஒப்பீடு. திட்டம் கிடைத்த வீடுகளை மட்டும் பார்த்திருந்தால், மாற்றம் தரையால் வந்ததா, வேறு காரணத்தால் வந்ததா என்று சொல்ல முடியாது. இங்கும் அதைச் செய்யலாம். உதவிக்குக் காத்திருக்கும் குடும்பங்களையும் உதவி பெற்ற குடும்பங்களையும் பழுதுபார்ப்புக்கு முன்பும் ஓராண்டுக்குப் பின்பும் ஒரே கேள்விகளைக் கேட்கலாம். பிள்ளைகள் எத்தனை நாள் நோயுற்றார்கள்? எத்தனை நாள் பள்ளிக்குப் போகவில்லை? மழைக்காலத்தில் கூரை தாங்கியதா? மலேசியாவின் பல்பரிமாண வறுமைக் குறியீட்டில் வீட்டின் நிலையும் இட நெருக்கடியும் ஏற்கெனவே இடம்பெற்றுள்ளன.

இன்னொன்றையும் எண்ண வேண்டும்: விடுபட்டவர்களை. இத்தகைய உதவிக்குப் பொதுவாக நிலம் சொந்தமாக இருக்க வேண்டும். இல்லையேல் உரிமையாளரின் சம்மதம் வேண்டும். தோட்டப்புற லயத்து வீடுகளிலும் புறம்போக்கு நிலத்திலும் வாழ்பவர்கள் இங்கேயே தடுக்கப்படுகிறார்கள். முடிக்கப்பட்ட வீடுகளை மட்டும் எண்ணும் அறிக்கையில் இவர்கள் தென்படமாட்டார்கள். நிராகரிக்கப்பட்ட விண்ணப்பங்களும் அதற்கான காரணங்களும் சேர்ந்தால்தான், திட்டம் யாரை எட்டவில்லை என்பது தெரியும்.