குண்டு போடாமல் ஒரு பயிற்சி

10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் இலக்கின் நடுப்புள்ளி வெறும் 0.5 மில்லிமீட்டர். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றது இந்தப் பிரிவில்தான். இத்தனை துல்லியத்துக்கான உழைப்பில் கணிசமான பகுதி குண்டே போடாமல் நடக்கிறது.

துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று வீரர்கள் முதலில் சரிபார்ப்பார்கள். இதில் சலுகையே கிடையாது. பிறகு காலை ஊன்றி, துப்பாக்கிக் கட்டையைத் தோளில் பதித்து, அதன்மேல் கன்னம் வைத்து, மூச்சை நிறுத்தி, விசையை மெல்ல அழுத்துவார்கள். அதே வரிசை, மறுபடி மறுபடி. சத்தமும் அதிர்வும் இல்லாததால், விசையை இழுக்கும் நொடியில் குழல் எந்தப் பக்கம் நழுவுகிறது என்பது தெளிவாகத் தெரியும். அதுதான் இந்தப் பயிற்சியின் உயிர். திருத்திய அசைவைச் சிறுமூளை கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிக்கொள்ளும். அவசரப்பட்டால் பிழையும் அப்படியே பதிந்துவிடும். போட்டித் துப்பாக்கிகள் பலவற்றில் இந்தப் பயிற்சிக்கென்றே தனி அமைப்பும் உண்டு.