முதல் ஸ்கூபா ரெகுலேட்டர்: பாண்டி கடலில் குதிக்கும் முன் என்னவெல்லாம் பார்க்கணும்?

புதுச்சேரி கரையிலிருந்து படகில் சில கிலோமீட்டர் போனால் ‘டெம்பிள் ரீஃப்’ வரும். இயற்கையான பவளத்திட்டு இல்லை. மீன்கள் வந்து தங்குவதற்காக டைவர்கள் கடலடியில் பொருட்களை இறக்கி உருவாக்கிய செயற்கைத் திட்டு. ஆழம் சுமார் 18 மீட்டர். ‘ஓபன் வாட்டர்’ சான்றிதழ் வைத்திருக்கும் புதிய டைவருக்கு அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச ஆழமும் அதேதான்.

சென்னையிலிருந்தும் பெங்களூருவிலிருந்தும் வார இறுதியில் பாண்டிக்கு வந்து இந்தச் சான்றிதழை வாங்கும் இளைஞர்களுக்கு அடுத்து வரும் கேள்வி ஒன்றுதான்: “வாடகை ரெகுலேட்டர் போதுமா, சொந்தமா ஒண்ணு வாங்கிடலாமா?”

விலை சில பத்தாயிரங்களில் தொடங்கி, லட்சத்தைத் தாண்டியும் போகும். ஆனால் யோசிக்க வேண்டியது பணத்தை மட்டும் அல்ல. தண்ணீருக்கு அடியில் உங்கள் மூச்சே இந்தக் கருவியில்தான் இருக்கிறது.

ரெகுலேட்டர் என்னதான் செய்யுது?

நிரப்பிய சிலிண்டரில் காற்று சுமார் 200 பார் அழுத்தத்தில் இருக்கும். கார் டயரில் இருப்பது இரண்டு, இரண்டரை பார்தான். 200 பார் காற்றை நேரடியாக வாயில் வாங்க முடியாது. ரெகுலேட்டர் அதை இரண்டு கட்டமாகக் குறைக்கிறது.

சிலிண்டர் தலையில் மாட்டும் ‘ஃபர்ஸ்ட் ஸ்டேஜ்’, அழுத்தத்தைச் சுற்றியுள்ள நீரின் அழுத்தத்தைவிட 9-10 பார் மட்டும் அதிகமாக இருக்கும்படி குறைக்கும். வாயில் கடித்துக்கொள்ளும் ‘செகண்ட் ஸ்டேஜ்’, நீங்கள் மூச்சை இழுக்கும்போது மட்டும் திறந்து, அந்த ஆழத்துக்குச் சரியான அழுத்தத்தில் காற்றைத் தரும்.

‘கேட்டால் மட்டும் கொடுக்கும்’ இந்த ஏற்பாட்டின் நவீன வடிவத்தை 1943-ல் பிரான்ஸில் ழாக் கூஸ்தோவும் பொறியாளர் எமில் கானியானும் சேர்ந்து உருவாக்கினார்கள். போர்க்காலப் பெட்ரோல் பஞ்சத்தில் கார்களை எரிவாயுவில் ஓட்ட கானியான் செய்த வால்வுதான் இதற்கு அடிப்படை. அப்போது புதுச்சேரியும் பிரெஞ்சு ஆட்சியின் கீழ்தான் இருந்தது.

18 மீட்டரில் எவ்வளவு காற்று தேவை?

ஒரு சின்ன கணக்கு. ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் அழுத்தம் 1 பார் கூடும். கடல் மட்டத்தில் 1 பார் என்றால், 18 மீட்டரில் 2.8 பார். மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சு விடுபவர், கீழே 56 லிட்டர் காற்றைச் செலவழிப்பார்.

வழக்கமான அலுமினிய சிலிண்டரின் கொள்ளளவு சுமார் 11 லிட்டர். 200 பாரில் நிரப்பினால் 2,200 லிட்டர் காற்று. 50 பாரை மிச்சம் வைத்துக்கொண்டால், பயன்படுத்தக் கிடைப்பது 1,650 லிட்டர். அதாவது, அந்த ஆழத்தில் அரை மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு. பதற்றத்தில் வேகமாக மூச்சு விட்டால் இன்னும் சீக்கிரம் தீரும். ரெகுலேட்டர் இழுக்கக் கஷ்டமாக இருந்தால் பதற்றம் கூடும். நல்ல ரெகுலேட்டர் சொகுசுக்காக மட்டும் இல்லை என்பது இதனால்தான்.

பேலன்ஸ்டா, அன்பேலன்ஸ்டா?

கடையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. ‘அன்பேலன்ஸ்டு’ ஃபர்ஸ்ட் ஸ்டேஜில், சிலிண்டர் காலியாகக் காலியாக மூச்சை இழுப்பது கொஞ்சம் கடினமாகும். ‘பேலன்ஸ்டு’ மாடலில் சிலிண்டர் நிறைந்திருந்தாலும் குறைந்திருந்தாலும் மூச்சு ஏறக்குறைய ஒரே மாதிரி வரும்.

அதற்காக அன்பேலன்ஸ்டு மோசம் என்று அர்த்தமில்லை. பாகங்கள் குறைவு, சர்வீஸ் எளிது, உழைப்பும் அதிகம். ஸ்கூபாப்ரோ எம்.கே.2 போன்ற எளிய பிஸ்டன் மாடல்களைப் பல டைவ் சென்டர்கள் வாடகைக்கு வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான். 18 மீட்டரைத் தாண்டாதவருக்கு இது போதும். ‘அட்வான்ஸ்டு’ முடித்து 30 மீட்டர் வரை போகும் எண்ணம் இருந்தால், பேலன்ஸ்டுக்குக் கூடுதல் பணம் கொடுப்பது நியாயம்.

பிஸ்டனா, டயாஃப்ரமா?

பிஸ்டன் வகையில் கடல் நீர் உள்பாகங்கள் சிலவற்றைத் தொடும். டயாஃப்ரம் வகையில் ஒரு ரப்பர் தகடு நீரை வெளியிலேயே நிறுத்திவிடும். பாண்டி மாதிரி மணலும் வண்டலும் கலங்கும் கடலில், முழுதாக மூடப்பட்ட டயாஃப்ரம் வகைக்கு ஒரு ப்ளஸ் உண்டு. ஆனால், டைவ் முடிந்ததும் ஒழுங்காகக் கழுவுபவருக்கு இரண்டுமே ஓகே.

ஒன்று மட்டும் நிச்சயம்: நம்ம ஊர் வெதுவெதுப்பான கடலில் ரெகுலேட்டர் உறையாது. ஆகவே ‘குளிர்நீர் கிட்’டுக்கு என்று தனியாகப் பணம் கொடுக்க வேண்டாம். இ.என் 250 என்ற ஐரோப்பியத் தரமுத்திரை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அதன் அருகில் ‘10 டிகிரிக்கு மேல்’ என்ற குறியீடு இருந்தால், அது வெப்பமான நீருக்கு மட்டும் என்று பொருள். இங்கே பிரச்சினை இல்லை; ஐரோப்பாவின் குளிர்ந்த ஏரிக்கு எடுத்துப்போனால் பிரச்சினை.

டின்னா, யோக்கா?

இது சிலிண்டருடன் இணைக்கும் முறை. ‘யோக்’கை சிலிண்டர் வால்வின் மேல் கவ்வி வைத்து இறுக்க வேண்டும், ‘டின்’ வால்வுக்குள்ளேயே திருகி இறங்கும். டின் இணைப்பு உறுதியானது. ஆனால் நீங்கள் போகும் இடத்தில் எந்த வால்வு இருக்கிறது என்பதே முக்கியம். பாண்டி, அந்தமான் என்று எங்கெல்லாம் போகப்போகிறீர்களோ, அங்குள்ள டைவ் சென்டரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். டின் ரெகுலேட்டருடன் ஒரு அடாப்டர் வாங்கினால் யோக் வால்விலும் மாட்டலாம்.

ஆக்டோபஸ் நமக்கில்லை, பக்கத்தில் வருபவருக்கு

ஒரு முழு செட்டில் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ், செகண்ட் ஸ்டேஜ், அழுத்தமானி, ஜாக்கெட்டில் காற்று நிரப்பும் ஹோஸ், பிறகு ‘ஆக்டோபஸ்’ எனப்படும் இன்னொரு செகண்ட் ஸ்டேஜ் ஆகியவை இருக்கும். உடன் வருபவரின் காற்று தீர்ந்தால் அவர் கையை நீட்டுவது இந்த ஆக்டோபஸுக்குத்தான். காசை மிச்சப்படுத்த இதில் மட்டமானதை வாங்குவது, இன்னொருவர் உயிரோடு விளையாடுவது. இ.என் 250 முத்திரைக்குப் பின்னால் ‘ஏ’ எழுத்து இருந்தால், அந்த ரெகுலேட்டர் ஆக்டோபஸுடன் சேர்த்துப் பயன்படுத்தவும் சோதிக்கப்பட்டது.

திடீர்னு பழுதானா?

பலருக்கும் இருக்கும் பயம் இது. இன்றைய ரெகுலேட்டர்கள் பெரும்பாலும், கோளாறு வந்தால் காற்றை நிறுத்தாமல் கொட்டித் தீர்க்கும்படி வடிவமைக்கப்பட்டவை. இதை ‘ஃப்ரீ ஃப்ளோ’ என்பார்கள். கொட்டும் காற்றிலிருந்து மூச்சை எடுத்துக்கொண்டு மேலே வருவது எப்படி என்பது ஓபன் வாட்டர் பயிற்சியிலேயே உண்டு. ஆனால் சிலிண்டர் வேகமாகக் காலியாகும், தாமதிக்கக் கூடாது.

உண்மையான செலவு வாங்கிய பிறகுதான்

பெரும்பாலான நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒரு முறை பரிசோதனையும், இரண்டு ஆண்டு அல்லது 100 டைவ், எது முன்னால் வருகிறதோ அப்போது முழு சர்வீஸும் செய்யச் சொல்கின்றன. உங்கள் மாடலுக்கான கணக்கு கையேட்டில் இருக்கும். டைவே அடிக்காமல் அலமாரியில் கிடந்தாலும் உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள் முதுமையடையும். ஆகவே பிராண்டைத் தேர்வு செய்யும் முன், “இதுக்கு இங்க யார் சர்வீஸ் பண்றாங்க? உதிரிபாகம் கிடைக்குமா?” என்று கேளுங்கள். வெளிநாட்டில் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கி வந்தால், உத்தரவாதம் இங்கே செல்லுமா என்பதையும் பார்க்க வேண்டும்.

செகண்ட் ஹேண்ட் வாங்கினால் சர்வீஸ் ரசீதைக் கேளுங்கள். ரசீது இல்லையென்றால், முழு சர்வீஸ் செலவையும் விலையில் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். சிலிண்டரில் மாட்டாத நிலையில் ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் மூடியைப் போட்டுவிட்டு மவுத்பீஸில் மெல்ல இழுத்துப் பாருங்கள். காற்று வந்தால் எங்கோ கசிகிறது. ஹோஸை வளைத்துப் பார்த்து, வெடிப்பு தெரிந்தால் விட்டுவிடுங்கள்.

வாங்கிய பின் ஒவ்வொரு டைவுக்கும் பிறகு நல்ல தண்ணீரில் அலச வேண்டும். அப்போது ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் மூடி மாட்டியிருக்கணும்; செகண்ட் ஸ்டேஜின் நடுப் பட்டனை அமுக்கக் கூடாது. அமுக்கினால் தண்ணீர் உள்ளே போய்விடும்.

அப்போ வாங்கலாமா, வேண்டாமா?

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடல் கொந்தளித்தால் படகே கிளம்பாது. வருடத்தில் நாலைந்து டைவ் மட்டும் போகும் ஒருவர், அதற்காக ஆண்டுதோறும் பரிசோதனைச் செலவு செய்வது நஷ்டம். அவர் முதலில் முகத்துக்குப் பொருந்தும் மாஸ்க்கும், பிறகு ஒரு டைவ் கம்ப்யூட்டரும் வாங்கலாம். ரெகுலேட்டரை நம்பகமான சென்டரில் வாடகைக்கு எடுத்து, “கடைசியா எப்போ சர்வீஸ் பண்ணீங்க?” என்று தயங்காமல் கேட்கலாம். நல்ல சென்டர் அந்தக் கேள்விக்குக் கோபப்படாது.

மாதம் இரண்டு மூன்று டைவ், வருடத்துக்கு ஒரு அந்தமான் பயணம் என்று இருப்பவருக்குச் சொந்த ரெகுலேட்டர் கைகொடுக்கும். அதன் சர்வீஸ் தேதி அவருக்குத் தெரியும். அதை யார் கழுவினார்கள் என்பதும் தெரியும்.