மாதங்கி அருள்பிரகாசம்: உறுமிக்கு உலகை ஆட வைத்த ஈழத்துப் பெண்

எம்.ஐ.ஏ. என்ற மேடைப் பெயரில் அறியப்படும் மாதங்கி அருள்பிரகாசம், ஆங்கில பாப் இசையிலும் நடன இசையிலும் முன்வரிசைக்கு வந்த ஈழத்தமிழ்ப் பெண். பாடகி, பாடலாசிரியர், இசைத் தயாரிப்பாளர், ஓவியர், காணொளி இயக்குநர் எனப் பல வேலைகளை ஒருங்கே செய்பவர். 2005 முதல் 2022 வரை ஆறு ஆல்பங்கள் வெளியிட்டிருக்கிறார். ஆஸ்கருக்கும் கிராமிக்கும் பரிந்துரைக்கப்பட்டவர். அகதியாக லண்டனில் வந்திறங்கிய ஒரு சிறுமி இந்த இடத்தை எப்படி எட்டினார் என்பது, ஊர்விட்டு ஊர்போன தமிழர்களின் வரலாற்றோடு சேர்த்தே பார்க்க வேண்டிய கதை.

பிறப்பும் இடப்பெயர்வும்

மாதங்கி 1975 ஜூலை 18 அன்று லண்டனில் பிறந்தார். வீட்டில் அழைத்த பெயர் மாயா. ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோதே குடும்பம் யாழ்ப்பாணம் திரும்பியது. தந்தை அருள்பிரகாசம், ஈழ விடுதலை இயக்கங்களில் ஒன்றான ஈரோஸ் அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். இயக்கத்தில் அவருக்கு 'அருளர்' என்று பெயர். இயக்க வேலைகளால் அவர் வீட்டில் தங்கியதே அபூர்வம். தாய் கலா மூன்று பிள்ளைகளையும் தனியாக வளர்த்தார். மாதங்கி யாழ்ப்பாணத்தில் கன்னியர் மடப் பள்ளியில் படித்தார்.

போர் நெருங்க நெருங்க, குடும்பம் ஓரிடத்தில் நிலைத்திருக்க முடியவில்லை. சில காலம் சென்னையில் வறுமையோடு வாழ்ந்தார்கள். பிறகு மீண்டும் யாழ்ப்பாணம். அந்த ஆண்டுகளில் பாக் நீரிணையின் இருகரையும் கண்ட காட்சி இதுதான். இலங்கையில் தமிழர்களுக்கு எதிராக நடந்த 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு, மன்னார்ப் பக்கமிருந்து படகேறியவர்கள் தனுஷ்கோடி மணலில் இறங்கினார்கள். அங்கிருந்து தங்கச்சிமடம், பாம்பன் வழியாக மண்டபம் முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். கையில் ஒரு பையும் இடுப்பில் ஒரு பிள்ளையுமாக வந்தவர்களை இராமேசுவரம் தீவின் மீனவக் குடும்பங்கள் நேரில் பார்த்தன. அப்படி வந்தவர்களில் பலர் முகாமில் தங்கினார்கள். வழி கிடைத்தவர்கள் கனடா, பிரிட்டன், சுவிட்சர்லாந்து என்று போனார்கள்.

1986இல், மாதங்கிக்கு பதினோரு வயது நிறைவதற்குச் சற்று முன்பு, கலா பிள்ளைகளை அழைத்துக்கொண்டு லண்டன் சேர்ந்தார். தென்மேற்கு லண்டனின் மிட்சம் பகுதியில், அரசுக் குடியிருப்பு ஒன்றில் வீடு கிடைத்தது. கலா தையல் வேலை செய்து குடும்பத்தைக் காப்பாற்றினார். ஆங்கிலம் பிடிபடாத அந்த நாட்களில் மாதங்கிக்குத் துணையாக இருந்தது வானொலி. அதுவும் திருட்டுப் போய்விட, பக்கத்து வீட்டுச் சுவர் வழியாகக் கேட்ட ஹிப்-ஹாப் இசைதான் தன்னை ஈர்த்தது என்று அவர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பாடத் தெரிய வேண்டும் என்ற கட்டாயம் அந்த இசையில் இல்லை; தாளத்துக்கு ஏற்பப் பேசத் தெரிந்தால் போதும். சொல்வதற்கு நிறைய இருந்தும் இசைப் பயிற்சி இல்லாத ஒருவருக்கு அது திறந்த கதவாக அமைந்தது.

தூரிகையிலிருந்து தாளத்துக்கு

மாதங்கி முதலில் இசைக்கலைஞராக வரவில்லை. லண்டனின் புகழ்பெற்ற சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில் கலையும் திரைப்படமும் படித்தார். புலி உருவங்கள், துப்பாக்கிகள், பனைமரங்கள் ஆகியவற்றை வண்ணத் தெளிப்பானால் அச்செடுத்த அவரது ஓவியங்கள் 2001இல் லண்டனில் கண்காட்சிக்கு வந்தன. எலாஸ்டிகா என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் 2000ஆம் ஆண்டு ஆல்பத்துக்கு அட்டைப்படம் செய்ததும் அவர்தான். அந்தக் குழுவின் அமெரிக்கப் பயணத்தைப் படமெடுக்கவும் அவர் உடன் போனார்.

திருப்பம் அந்தப் பயணத்தில் வந்தது. எலாஸ்டிகாவுக்கு முன்பாக மேடையேறியவர், கனடாவின் டொராண்டோவைச் சேர்ந்த நடன இசைப் பாடகி பீச்சஸ். அவருடன் இசைக்குழு எதுவும் இல்லை. ரோலண்ட் எம்.சி.-505 என்ற ஒரே ஒரு கருவியை வைத்துக்கொண்டு தனியாக மேடையை ஆட்டிவைத்தார். தாள ஒலிகள், பாஸ், கீபோர்டு ஒலிகள் எல்லாம் அந்தப் பெட்டிக்குள் இருந்தன. விரும்பிய ஒலியைப் பொத்தானில் தட்டிப் பதிந்தால், அது சுழன்று சுழன்று ஒலிக்கும். அதன் மேல் இன்னொரு தாளம், அதற்கு மேல் இன்னொன்று என்று அடுக்கிக்கொண்டே போகலாம். இசை எழுதப் படிக்கத் தெரியாதவரும் காதை நம்பிப் பாட்டுக் கட்டலாம். நீயும் செய்து பார் என்று பீச்சஸ் ஊக்கம் கொடுத்தார்.

லண்டன் திரும்பிய மாதங்கி, ஒரு 505, நான்கு தடம் பதியும் பழைய டேப் இயந்திரம், ஒரு மைக் ஆகியவற்றை வைத்து ஆறு பாடல்களை மாதிரிக்காகப் பதிவு செய்தார். அவற்றில் ஒன்றான 'கலாங்' 2003இல் சிறு நிறுவனம் ஒன்றின் வழியாக 500 பிரதிகள் மட்டும் இசைத்தட்டாக வந்தது. நடன விடுதிகளில் டி.ஜே.க்கள் அதைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள்; இணையத்தில் பாட்டு கைமாறிக்கொண்டே போனது. எக்ஸ்.எல். ரெக்கார்டிங்ஸ் நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்தது.

தந்தை பெயரில் ஒன்று, தாய் பெயரில் ஒன்று

முதல் ஆல்பத்துக்கு மாதங்கி வைத்த பெயர் 'அருளர்'. 2005இல் வெளியான அது, பிரிட்டனின் மெர்குரி பரிசுக்கு இறுதிப் பட்டியல் வரை போனது. ஜமைக்காவின் டான்ஸ்ஹால், பிரேசிலின் ஃபங்க், லண்டன் தெருக்களின் எலக்ட்ரானிக் தாளம் ஆகியவை ஒரே பாட்டில் கலந்திருந்தன. அதில் 'சன்ஷவர்ஸ்' பாடலின் காணொளி தென்னிந்தியக் காட்டுப்பகுதியில் எடுக்கப்பட்டது. போரைப் பற்றிய வரிகளை நடனத் தாளத்தில் வைத்ததால், ஆடிக்கொண்டே கேட்டவர்கள் எதைக் கேட்கிறோம் என்று யோசிக்க வேண்டியிருந்தது. அந்த வரிகளுக்காகவே எம்.டி.வி.யில் அந்தப் பாட்டு எதிர்ப்பைச் சந்தித்தது.

இரண்டாவது ஆல்பத்தை அமெரிக்காவில் பதிவு செய்யத் திட்டமிட்டிருந்தார். 2006இல் அமெரிக்க விசா கிடைக்கவில்லை. அந்தத் தடையே அவரது இசைக்கு வரமானது. இந்தியா, டிரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, ஆஸ்திரேலியா என்று போன இடமெல்லாம் பதிவு செய்தார். அப்படி உருவான ஆல்பத்துக்குத் தாயின் பெயரை வைத்தார். 'கலா' 2007 ஆகஸ்டில் வெளிவந்தது. அந்த ஆண்டின் சிறந்த ஆல்பம் என்று ரோலிங் ஸ்டோன் இதழ் அதை முதலிடத்தில் வைத்தது.

'கலா'வின் உயிர்நாடி சென்னையில் பதிவான தாளம். ஏ.ஆர். ரகுமானின் ஒலிப்பதிவுக் கூடத்தைப் பயன்படுத்தும் வாய்ப்பு கிடைத்தது. அங்கே உறுமிக் கலைஞர்களைக் கூட்டி வாசிக்க வைத்துப் பதிந்தார். உறுமியின் ஒரு பக்கத் தோலைக் குச்சியால் அடிப்பார்கள். மறுபக்கத் தோலை வளைந்த குச்சியால் அழுத்தித் தேய்ப்பார்கள். தேய்க்கும்போது ஒரு முனகல் எழும். கோயில் கொடையிலும் சாவு வீட்டிலும் கேட்கும் ஒலி அது. செவ்விசை மேடைகளில் இடம் தரப்படாத அந்தக் கருவி, 'பேர்ட் ஃப்ளூ', 'பாய்ஸ்' ஆகிய பாடல்களில் லண்டன், நியூயார்க் நடன அரங்குகளின் பெரிய ஒலிபெருக்கிகளில் முழங்கியது. தாளத்தை மேற்கத்தியக் காதுக்கு ஏற்றாற்போல் அவர் மென்மையாக்கவில்லை. கரடுமுரடாகவே விட்டார். அவர் செய்ததில் மிகத் துணிச்சலான காரியம் இதுதான்.

இதே ஆல்பத்தில் 'டிஸ்கோ டான்சர்' இந்திப் படத்தின் பாட்டு ஒன்று 'ஜிம்மி' என்று புது வடிவம் எடுத்தது. 1982இல் வந்த அந்தப் படத்தின் பாட்டுக்குச் சிறுவயதில் விருந்துகளில் ஆடியவர் அவர்.

'பேப்பர் பிளேன்ஸ்' பெற்ற வெற்றி

'கலா'வில் இடம்பெற்ற 'பேப்பர் பிளேன்ஸ்' மாதங்கியை உலகப் புகழுக்குக் கொண்டுபோனது. தி கிளாஷ் குழுவின் பழைய பாடல் ஒன்றிலிருந்து இசைத் துணுக்கை எடுத்து, அதன் மேல் புதுப் பாட்டைக் கட்டியிருந்தார்கள். இதைச் சாம்ப்ளிங் என்பார்கள்; உரியவர்களிடம் அனுமதி பெற்று, அவர்களுக்குப் பங்கும் தர வேண்டும். பல்லவியில் லண்டன் பிரிக்ஸ்டன் பகுதிச் சிறுவர்கள் பாடுகிறார்கள். நடுவே துப்பாக்கி வெடிக்கும் சத்தமும், கடையில் கல்லாப்பெட்டி திறக்கும் சத்தமும் தாளமாகவே வருகின்றன. குடியேறி வந்தவர்கள் எல்லாரும் பணத்துக்காகக் குற்றம் செய்யத்தான் வந்தார்கள் என்று பார்ப்பவர்களின் சந்தேகத்தை அந்தப் பாட்டு அவர்களிடமே திருப்பிக் காட்டுகிறது. விசாவுக்காகக் காத்திருந்த நாட்களில் பிறந்த கோபம் அது. அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் துப்பாக்கிச் சத்தத்தை நீக்கியே ஒலிபரப்பினார்கள்.

2008இல் 'பைனாப்பிள் எக்ஸ்பிரஸ்' என்ற ஹாலிவுட் படத்தின் முன்னோட்டத்தில் இந்தப் பாட்டு இடம்பெற, அது பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 4ஆம் இடம் வரை ஏறியது. அமெரிக்காவில் விற்பனையையும் வானொலி ஒலிபரப்பையும் கணக்கிட்டு வாரந்தோறும் தரவரிசைப்படுத்தும் பட்டியல் அது. அடுத்து வந்த கிராமி விழாவில், ஆண்டின் சிறந்த பதிவுக்கான பரிந்துரையும் கிடைத்தது.

அதே சமயத்தில், டேனி பாயில் இயக்கிய 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்தில் ஏ.ஆர். ரகுமானுடன் சேர்ந்து 'ஓ... சாயா' பாடலை உருவாக்கினார். அந்தப் பாட்டு ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டது. விருது அதே படத்தின் 'ஜெய் ஹோ'வுக்குப் போனது. 2009 பிப்ரவரி 8 அன்று நடந்த கிராமி விழாவில், நிறைமாத வயிற்றோடு ஜே-ஸீ, கான்யே வெஸ்ட், லில் வெய்ன், டி.ஐ. ஆகியோருடன் மேடையில் ஆடிப் பாடினார். மூன்று நாள் கழித்து ஆண் குழந்தை பிறந்தது. அந்த ஆண்டு டைம் இதழ் வெளியிட்ட, உலகில் செல்வாக்கு மிக்க 100 பேர் பட்டியலிலும் அவர் பெயர் இருந்தது.

புகழும் எதிர்ப்பும்

புகழ் உச்சியில் இருந்த அதே மாதங்களில், இலங்கையின் வன்னியில் போர் இறுதிக்கட்டத்தை அடைந்திருந்தது. அமெரிக்கத் தொலைக்காட்சிப் பேட்டிகளில், அங்கே தமிழ்ப் பொதுமக்கள் கொல்லப்படுவதைப் பற்றி மாதங்கி வெளிப்படையாகப் பேசினார். பயங்கரவாதத்துக்கு ஆதரவாளர் என்று அவர்மீது குற்றம் சாட்டப்பட்டது. தான் பேசுவது பொதுமக்களுக்காக என்று அவர் மறுத்தார். பாட்டு விற்க வேண்டும் என்று நினைப்பவர் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். அவர் அப்படி இருக்கவில்லை. அந்தப் பேச்சு, போரின் இறுதிக் களமான முள்ளிவாய்க்காலின் செய்தியைக் கேளிக்கை உலகத்தின் காதுக்கும் எட்டவைத்தது.

2010இல் வந்த மூன்றாவது ஆல்பம் 'மாயா'. அதன் 'பார்ன் ஃப்ரீ' பாடலுக்கு ரோமன் கவ்ராஸ் இயக்கிய காணொளியில், செம்பட்டை முடி கொண்டவர்களை மட்டும் ராணுவம் தேடிப் பிடித்துக் கொல்கிறது. பிறப்பினால் ஒரு கூட்டம் வேட்டையாடப்படுவது எப்படியிருக்கும் என்பதை மேற்கு நாட்டவருக்கு அவர்கள் முகங்களை வைத்தே காட்டியது அது. யூடியூப் அதைப் பார்க்கக் கட்டுப்பாடு விதித்தது. 2012இல் அதே இயக்குநருடன் மொராக்கோவில் எடுத்த 'பேட் கேர்ள்ஸ்' காணொளி, எம்.டி.வி. விருது விழாவில் சிறந்த இயக்கத்துக்கான விருதைப் பெற்றது.

2012 பிப்ரவரியில், அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப்போட்டியான சூப்பர் பவுல் இடைவேளையில் மடோனாவுடன் மேடையேறினார். நேரலையில் நடுவிரலைக் காட்டியதற்காக லீக் நிர்வாகம் பெருந்தொகை நஷ்டஈடு கேட்டது. 2014இல் விவகாரம் சமரசத்தில் முடிந்தது.

நான்காவது ஆல்பம் 'மாதங்கி' 2013இல் வந்தது. தாந்திரிக மரபின் பத்து மகாவித்யைகளில் ஒருத்தியான, இசைக்கும் சொல்லுக்கும் உரிய மாதங்கி தேவியின் பெயரும் அவர் பெயரும் ஒன்று. 2015இல் வெளியான 'பார்டர்ஸ்' பாடலின் காணொளியை அவரே இயக்கினார். படகு நிறைய மனிதர்களும், முள்வேலியில் ஏறும் மனிதர்களும் அதில் வருகிறார்கள். சிரியாவிலிருந்து அகதிகள் ஐரோப்பாவுக்குக் கடல் கடந்துகொண்டிருந்த ஆண்டு அது. 2016இல் வந்த 'எய்ம்' ஆல்பத்தில் அந்தப் பாட்டு இடம்பெற்றது.

கல்லூரி நண்பரான ஸ்டீவ் லவ்ரிட்ஜ், மாதங்கியே பல ஆண்டுகளாக எடுத்துவைத்திருந்த வீட்டுக் காணொளிகளைக் கொண்டு ஆவணப்படம் ஒன்றை உருவாக்கினார். 2018இல் சண்டான்ஸ் திரைப்பட விழாவில் அது சிறப்பு நடுவர் விருது பெற்றது. 2019இல் இசைப் பணிக்காகப் பிரிட்டிஷ் அரசின் எம்.பி.ஈ. பட்டம் மாதங்கிக்கு அறிவிக்கப்பட்டது. தையல்காரராக அந்தப் பதக்கங்களைத் தைக்கும் வேலையைச் செய்தவர் தன் தாய் என்பதை அவர் பெருமையோடு சொன்னார். 2020இல் டிராவிஸ் ஸ்காட்டுடன் பாடிய 'ஃப்ரான்சைஸ்' பில்போர்டு ஹாட் 100இல் முதலிடம் பிடித்தது. 2022இல் ஆறாவது ஆல்பம் 'மாதா' வெளியானது.

தமிழ்ப் பாப்பின் தொடர்ச்சி

தமிழுக்கும் பாப் இசைக்கும் உள்ள உறவு மாதங்கியோடு தொடங்கியதல்ல. இலங்கையில் நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் பைலா தாளத்தில் பாடிய பொப் பாடல்கள், இலங்கை வானொலி வழியாகக் கடல் தாண்டித் தமிழ்நாட்டிலும் ஒலித்தன. மனோகரனின் 'சுராங்கனி' தெரியாத கல்யாண வீடு அக்காலத்தில் குறைவு. அந்தப் பாட்டுகள் தமிழர்களைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆட வைத்தன. மாதங்கி ஆங்கிலத்தில் பாடி, தமிழ்த் தாளத்துக்கு வேற்று நாட்டவரை ஆட வைத்தார்.

அவருக்குப் பின் வந்தவர்களுக்கு வழி எளிதானது. யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடாவில் வளர்ந்த ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பால், மிருதங்கத் தாளத்தில் ஆங்கில ராப் பாடினார். அவரும் கனடாத் தமிழ்ப் பாடகி நாவ்ஸ்-47ம் சந்தோஷ் நாராயணனோடு சேர்ந்து 2021இல் உருவாக்கிய 'நீயே ஒளி', 'சார்பட்டா பரம்பரை' படத்தின் வழியாகத் தமிழ்நாட்டுக் கிராமங்கள் வரை வந்தது. சுவிட்சர்லாந்தில் பிறந்த பிரியா ராகு, ஆர் அண்ட் பி இசையில் தமிழ் வரிகளைச் சேர்த்து, 2023இல் தன் முதல் ஆல்பத்துக்குச் 'சந்தோசம்' என்றே பெயர் வைத்தார். தாய்மொழியையும் தாய்மண்ணின் தாளத்தையும் மறைக்காமலே உலக மேடையில் நிற்கலாம் என்று இந்தத் தலைமுறை நம்புகிறது. அந்த நம்பிக்கைக்கு அடித்தளம் போட்டவர்களில் மாதங்கி அருள்பிரகாசம் முதன்மையானவர்.