இரண்டு மணி நேரக் கணக்கு

“படுத்த படுக்கையாகி விட்டார்” என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அந்தப் படுக்கையே மற்றொரு நோயைத் தரும் என்பதை, என் அப்பத்தா படுக்கையில் விழும்வரை நான் அறிந்திருக்கவில்லை.

சென்ற கோடை விடுமுறையில் அப்பத்தாவுக்குப் பக்கவாதம் கண்டு இடப்பக்கம் செயலற்றுப் போயிற்று. 12 நாட்கள் மருத்துவமனையில் இருந்துவிட்டு வீடு திரும்பினார். “அலுங்காம கிடக்கட்டும்” என்றார்கள் பார்க்க வந்த உறவினர்கள். நாங்களும் அன்பு மிகுதியால் அவரை அசைக்கவே இல்லை. ஒன்பதாம் நாள் சேலை மாற்றும்போது, முதுகெலும்பு முடியும் இடத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் கருத்திருப்பதை அம்மா பார்த்தார். வேர்க்குரு என்று எண்ணிப் பவுடர் போட்டோம். நான்கே நாளில் அது புண்ணாயிற்று.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு வந்த செவிலியர், புண்ணைப் பார்த்துவிட்டு மருந்தைப் பற்றிக் கேட்கவில்லை. “பாட்டியை எத்தனை மணிக்கு ஒருதரம் திருப்பிப் படுக்க வைக்கிறீங்க, தம்பி?” என்றுதான் கேட்டார். விலங்கியல் மாணவனாகிய என்னிடம் அதற்கு விடை இல்லை. அந்தக் கேள்விக்குப் பின்னால் பல ஆண்டு ஆராய்ச்சி இருப்பதைப் பிறகு படித்தறிந்தேன். அதை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

புண் பிறக்கும் விதம்

நம் தோலுக்கு உணவும் உயிர்க்காற்றும் கொண்டு செல்பவை மயிரிழையினும் நுண்ணிய தந்துகிகள். லாண்டிஸ் என்னும் அறிஞர் 1930-இல் நகக்கண் தந்துகிகளில் இரத்த அழுத்தத்தை அளந்தார். தமனியை ஒட்டிய முனையில் அது பாதரச அளவில் ஏறத்தாழ 32 மில்லிமீட்டர்தான். எலும்புக்கும் படுக்கைக்கும் இடையே சிக்கிய தசையில் வெளி அழுத்தம் இதை எளிதில் மிஞ்சிவிடும். இரத்த ஓட்டம் தடைப்படும். நேரம் நீண்டால் திசுக்கள் மடியும்.

நலமாக இருப்பவர் உறக்கத்திலும் புரண்டு படுக்கிறார். அதனால் தப்பிக்கிறார். பக்கவாதம் கண்டவரால் புரள இயலாது. சிலருக்கு வலியும் தெரியாது. இடுப்பு, குதிகால், முழங்கை, பின்தலை ஆகிய இடங்களில் ஆபத்து அதிகம். சிறுநீரின் ஈரமும், தூக்காமல் தரதரவென்று இழுப்பதும் தோலை மேலும் கெடுக்கும்.

செவிலியர் போட்ட கணக்கு

படுக்கைப் புண் வந்தால் பெரும்பாலும் நோயைக் குறைகூறாதீர்கள், பராமரிப்பைப் பாருங்கள் என்ற கருத்தை 1859-லேயே நைட்டிங்கேல் அம்மையார் எழுதிவிட்டார். ஆயினும் நெடுங்காலம் சாராயம், முட்டையின் வெண்கரு, களிம்பு என்று ஆளுக்கொரு பூச்சைத்தான் நம்பினார்கள். டோரீன் நார்ட்டன் என்ற ஆங்கிலேயச் செவிலியர் தம் குழுவினருடன் முதியோர் வார்டுகளில் ஆராய்ந்து 1962-இல் முடிவை வெளியிட்டார். பூச்சுகளைவிட, முறையாகத் திருப்பிப் படுக்க வைப்பதே பயன் தந்தது!

அவர் ஓர் எளிய மதிப்பெண் முறையும் வகுத்தார். உடல்நிலை, மனத்தெளிவு, நடமாட்டம், கைகால் அசைவு, சிறுநீர் மலக் கட்டுப்பாடு என ஐந்து பாடங்கள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை மதிப்பெண். மொத்தம் 20. 14 அல்லது அதற்குக் கீழே எடுத்தவருக்குப் புண் வரும் ஆபத்து உண்டு. அமெரிக்கச் செவிலியர்களான பிரேடனும் பெர்க்ஸ்ட்ராமும் 1987-இல் வெளியிட்ட அளவுகோல், உணவையும் தோல் உராய்வையும் கணக்கில் சேர்த்தது.

ஓர் இரவு அப்பத்தாவுக்கு நார்ட்டன் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 3, 4, 1, 2, 2. கூட்டினால் 12. வீடு திரும்பிய அன்றே இந்தக் கூட்டலைப் போட்டிருந்தால்? அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

காப்பதும் மீட்பதும் ஒன்றே

இரண்டாம் உலகப் போரில் முதுகுத்தண்டு முறிந்த வீரர்கள் பலர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் மடிந்தனர். 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் பொறுப்பேற்ற டாக்டர் குட்மன், அவர்களை இரவும் பகலும் இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்பச் செய்தார். பிழைத்தவர்கள் உட்கார்ந்தார்கள். 1948-இல் சக்கர நாற்காலியிலிருந்தே வில்லெய்தார்கள். அந்தப் போட்டியே வளர்ந்து இன்று பாராலிம்பிக்ஸ் ஆகியிருக்கிறது.

நம் வேலூரிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1954-இல் விபத்தில் கால்கள் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவை மருத்துவம் செய்தார். 1966-இல் அங்கே மறுவாழ்வு நிலையம் உருவாகக் காரணமானார். புண் இருந்தால் உட்கார முடியாது. உட்காராதவர் நடக்கப் பழகுவது எங்ஙனம்?

செவிலியர் எங்களுக்குச் சொன்னவை சில. சிவந்த இடத்தை விரலால் அழுத்திப் பார்க்கச் சொல்லும் பாடம் வெள்ளைத் தோலுக்குப் பொருந்தும். நம் நிறத்தில் சிவப்பு எளிதில் தெரியாது. சூடு, கடினம், கருமை ஆகியவற்றைக் கையால் தடவி அறிய வேண்டும். அந்த இடத்தைத் தேய்த்துப் பிடித்துவிடக் கூடாது. காற்று மெத்தை வாங்கினாலும் திருப்புவதை நிறுத்தக் கூடாது. செயலற்ற கையைப் பிடித்து இழுத்துத் தூக்கக் கூடாது, தோள்மூட்டு விலகிவிடும். மூட்டுகள் இறுகாமல் நாள்தோறும் மெல்ல அசைக்க வேண்டும்.

என் பழைய நோட்டு ஒன்றில் அம்மா எழுதத் தொடங்கினார்: “10 வலது. 12 மல்லாந்து. 2 இடது.” நள்ளிரவு முறை என்னுடையது, விடியற்காலை முறை அப்பாவுடையது. புண் ஆற இரண்டரை மாதமாயிற்று. இன்று அப்பத்தா பிடித்துவிட்டால் திண்ணைவரை நடக்கிறார்.

புண் இருந்த இடத்தில் ஒரு தழும்பு இருக்கிறது. அதைப் பக்கவாதம் தந்ததாக அப்பத்தா நினைக்கிறார். எங்கள் அறியாமை தந்தது என்பது எனக்குத் தெரியும். நண்பர்களே, உங்கள் வீட்டிலும் யாரேனும் படுக்கையில் இருக்கக்கூடும். களிம்பு தேடிக் கடைக்கு ஓடுமுன் ஒரு நோட்டை எடுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள்.